பயோடேட்டாவா, ஜாதகமா?

திருவல்லிக்கேணி மேன்ஷனில் உட்கார்ந்து எட்டு மாதம் வேலை தேடினேன் சார். நூறு கம்பெனிக்காவது அனுப்பியிருப்பேன். ஒரு இடத்திலிருந்தும் மூச்சு பேச்சில்லை. மாதம் பிறந்தால் அப்பாவிடம் பணம் கேட்கவே நாக்கு கூசும்.

பக்கத்து ரூம் அண்ணாச்சி, ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறவர். என் பேப்பரை வாங்கிப் படித்தார். அப்பா பெயர், மதம், உயரம், பொழுதுபோக்கு கிரிக்கெட், 'கடின உழைப்பாளி'...

"ஏன் தம்பி, வேலைக்கு அனுப்புதியா, பொண்ணு கேட்டு அனுப்புதியா?"

அசடு வழிந்தேன்.

"1482 வாக்கில் டாவின்சி, மிலான் ஆட்சியாளர்கிட்ட வேலை கேட்டு லெட்டர் எழுதினார். முதல்ல எதைப் போட்டார் தெரியுமா?"

"மோனாலிசா?"

"அதெல்லாம் பிற்பாடுய்யா! அவருக்கு வேண்டியது யுத்தத்துக்கு ஆள். தூக்கிட்டுப் போற பாலம், பீரங்கின்னு வரிசையா அடுக்கிட்டு, ஓவியமும் வரைவேன்னு கடைசியிலதான் சொன்னார். எதிராளிக்கு எது வேணுமோ அது முன்னாடி!"

அன்று ராத்திரியே திருத்தினேன். முன்பு மருந்துக் கடையில் இருந்தபோது 'கணக்கு பார்த்தேன்' என்றிருந்ததை, 'மூன்று நாள் பிடித்த ஸ்டாக் கணக்கை எக்ஸெல்லில் போட்டு அரை நாளாக்கினேன்' என்று மாற்றினேன். விளம்பரத்தில் கேட்டிருந்தவற்றில் எனக்குத் தெரிந்ததை அதே வார்த்தையில் எழுதினேன். இப்போது பல இடங்களில் முதலில் சலிப்பது கம்ப்யூட்டராம். கட்டம், படம் போட்டால் அது குழம்பிவிடுமாம். எல்லாம் ஒரே பக்கம்.

மூன்றாவது வாரம் இன்டர்வியூ. அதிகாரி கேட்டது அந்த அரை நாள் சமாசாரத்தை மட்டும்தான். வேலை கிடைத்தது!

பழைய பயோடேட்டா? அம்மா பத்திரமாக வைத்திருக்கிறாள், தரகரிடம் கொடுக்க!