வெடிச் சத்தத்தில் ஓடிப்போன செல்லம்... கண்டுபிடிப்பது எப்படி?

தீபாவளி வந்தால் உங்களுக்குக் கொண்டாட்டம். வீட்டு நாய்க்கோ திண்டாட்டம்! நம் காதுக்கு எட்டாத மெல்லிய ஓசைகூட அதற்குக் கேட்கும். அப்படியிருக்க, பக்கத்தில் ஒரு லட்சுமி வெடி வெடித்தால் என்ன பாடு படும்? கேட் லேசாகத் திறந்திருந்தால் போதும்... ஒரே ஓட்டம்தான்.

"எங்க மணி வாசப்படி தாண்டாது சார்!" என்கிறீர்களா? அரண்டு ஓடுகிற நாய்க்கு வாசப்படியும் தெரியாது, வளர்த்தவரும் தெரியாது. ஆகவே, ஐப்பசி பிறக்கும்போதே தயாராகிவிடுங்கள்.

கழுத்துப் பட்டையில் நாயின் பெயரைவிட உங்கள் போன் நம்பர்தான் முக்கியம். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். தொளதொளவென்று இருந்தால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். அடுத்தது மைக்ரோசிப். அரிசி மணி அளவுதான். கால்நடை மருத்துவர் ஊசி மூலம் தோலுக்கடியில் வைத்துவிடுவார். சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. "அப்போ நாய் எந்தத் தெருவுல நிக்குதுன்னு செல்போன்லயே தெரிஞ்சுடுமே!" என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது! அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. நாயைப் பிடித்தவர்கள் ஸ்கேனர் வைத்துப் பார்த்தால்தான் எண் தெரியும். அந்த எண்ணோடு பதிவாகியிருப்பது உங்கள் பழைய போன் நம்பர் என்றால், சிப் இருந்தும் பிரயோஜனமில்லை.

பண்டிகையன்று இருட்டுவதற்கு முன்பே வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். பிறகு உள்ளறை, மூடிய ஜன்னல், ஓடுகிற ஃபேன், கொஞ்சம் டி.வி. சத்தம். 'தூங்கட்டும் பாவம்' என்று உங்கள் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்து!

இத்தனைக்கும் பிறகு ஓடிவிட்டதா? எல்லோரும் தெருவில் இறங்காதீர்கள். அதுவே திரும்பி வரக்கூடும். வீட்டில் ஒருவர் இருக்கட்டும். நிறுத்திய கார்களுக்கு அடியில், கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில், கால்வாய் ஓரங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். பால் போடுகிறவர், இஸ்திரி வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்ட், வாட்ச்மேன்... தெருவை இவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? போட்டோவைக் காட்டிச் சொல்லி வையுங்கள். மாநகராட்சிக்கும், சென்னையானால் வேளச்சேரி சாலை ப்ளூ கிராஸுக்கும் தகவல் கொடுங்கள். நோட்டீஸ் ஒட்டும்போது ஒரு மச்சத்தையோ தழும்பையோ மட்டும் எழுதாமல் விடுங்கள். "நாய் எங்கிட்ட இருக்கு, பணம் அனுப்புங்க" என்று போன் வந்தால், அந்த அடையாளத்தைக் கேட்டுப் பாருங்களேன்!

கண்ணில் பட்டால் துரத்தவே கூடாது. துரத்தினால் இன்னும் ஓடும். சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் உட்கார்ந்து மெதுவாகக் கூப்பிடுங்கள். அதுவாக வரட்டும்.

வந்த பிறகு அடிக்காதீர்கள். முதலில் தண்ணீர் கொடுங்கள். பிறகு உடம்பைத் தடவிப் பாருங்கள். உண்ணி இருக்கலாம், தெருநாய் கடித்த காயமும் இருக்கலாம். கடி இருந்தால், 'போன வருஷம்தானே ஊசி போட்டோம்' என்று இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், மறுபடி வெறிநாய்த் தடுப்பூசி தேவைப்படும். பிடிக்கும்போது பயத்தில் உங்களையே கடித்திருந்தால் மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கையோடு நாயின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள், டாக்டர் கேட்பார்.