நாவற்பழமும் தயிர்சாதமும்

ஸ்ரீரங்கம் கோயில் வரலாற்றைச் சொல்லும் 'கோயிலொழுகு' நூலில் ஒரு சம்பவம் வருகிறது. ஒருநாள் பெருமாளின் திருமுகம் வாடியிருப்பதை ராமானுஜர் கவனிக்கிறார். விசாரித்தால், நாவற்பழத்தோடு தயிர்சாதமும் அமுது செய்யப் பண்ணியது தெரியவருகிறது. ஜலதோஷம் பிடிக்காமல் என்ன செய்யும்? உடனே வைத்தியர் கருடவாகன பண்டிதரை அழைத்துக் கஷாயம் சமர்ப்பிக்கச் சொல்கிறார்.

ஐதீகம்தான். ஆனாலும் அந்த முகவாட்டம் தினமும் சேவிக்கிறவர் கண்ணுக்கு மட்டுமே தட்டுப்பட்டிருக்கும். கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுக் கிளம்புகிறவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

வைத்தியம் பெருமாளோடு நிற்கவில்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையில், சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் போசளர்கள் இருந்த காலம். 1257இல் அவர்களுடைய தண்டநாயகர் சிங்கண்ணர், ஸ்ரீரங்கம் கோயிலில் ஆரோக்கியசாலை நடத்த நிலம் விட்டார். பொறுப்பு அப்போது கருடவாகனப் பட்டம் தாங்கியிருந்த பண்டிதரிடம் வந்தது. அடுத்த நூற்றாண்டுப் படையெடுப்பில் அது சிதைந்தது. 1493இல் அதே பட்டம் தாங்கிய ஸ்ரீநிவாசர் அதைப் புதுப்பித்து, தன்வந்திரியை எழுந்தருளப் பண்ணினார். கல்வெட்டு கொடையாளி, வைத்தியர் இருவரையுமே புகழட்டும். என் ஓட்டு, நிலம் கொடுத்தவரைவிட நாடி பார்த்தவருக்குத்தான். தன்வந்திரி சந்நிதியை இன்றும் கோயிலில் சேவிக்கலாம்.

சோழநாட்டுக் கோயில்களில் விளக்குக் கொடையும் இப்படித்தான், கொடுப்பவர் ஒருவர், தினமும் செய்பவர் வேறொருவர் என்று நடந்தது. ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தையின் எண்ணிக்கை குறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கொடுத்தவர் காலமான பிறகும் இடையர் வீட்டுக்கும் கோயிலுக்கும் தினசரிப் போக்குவரத்து அறுபடவில்லை.

இப்போது நன்கொடை கொடுப்பது சுலபம். ஸ்ரீரங்கத்தில் 2012 செப்டம்பரிலிருந்து நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பிறந்தநாள், பெற்றோர் திதி என்று அதற்குப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. செல்போனில் ரசீது வந்ததும் பலருக்கு அதோடு கடமை முடிந்துவிடுகிறது. அதைக் குறை சொல்லவில்லை. அந்தப் பணம் இல்லாமல் அடுப்பு எரியாது.

ஒரு வேண்டுகோள் மட்டும். திருச்சியிலோ பக்கத்திலோ இருப்பவர்கள், பணம் கட்டிய நாளில் போய் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பக்கத்து இலைக்காரரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். அடுத்த மாதமும் போங்கள். சாம்பாரில் உப்பு குறைந்தால் சொல்ல உங்களைவிட உரிமையுள்ளவர் யார்?