துருவை அடக்குதல்

கைவிடப்பட்ட பழைய மகிழுந்தை மீட்க விழைவோர் பெரும்பாலும் வண்ணம் பூசுவதையே முதலில் எண்ணுகின்றனர். வண்ணம் இறுதியில் வரவேண்டியது. முதலில் வெல்லவேண்டியது துரு. பிரீமியர் பத்மினியையே எடுத்துக்கொள்வோம். இத்தாலிய ஃபியட் 1100 வழிவந்த இவ்வூர்தி, 1964 முதல் மும்பை குர்லா ஆலையில் உருவாகி, 1970களில் பத்மினி என்னும் பெயர் பெற்றது. ஒரு தலைமுறையின் திருமணப் பயணங்களையும் மருத்துவமனை ஓட்டங்களையும் தாங்கிய அந்த ஊர்தி, இன்றும் பல வீட்டுக் கொட்டகைகளில் காற்றிழந்த சக்கரங்களோடு நிற்கிறது. அதைக் காயலான் கடைக்கு அனுப்ப மனம் வராதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இரும்பு மூப்பினால் துருப்பிடிப்பதில்லை. துரு ஏறும் ஒவ்வொரு தகடும் ஓயாது இயங்கும் மின்கலம். தகட்டின்மேல் படிந்த ஈரத்தில் உயிர்வளி குறைந்த இடத்தே இரும்பு மின்னணுக்களை இழந்து கரைகிறது. உயிர்வளி மிகுந்த இடத்தே அம்மின்னணுக்கள் ஏற்கப்படுகின்றன. கடற்காற்றின் உப்பு சேர்ந்தால் மின்னோட்டம் எளிதாகிறது, அரிப்பும் விரைகிறது. கதவின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கென விட்ட சிறு துளைகளைப் பாருங்கள். அவை சேற்றால் அடைபட்டிருக்கும். அச்சேற்றின் அடியில் உயிர்வளி அரிது; ஆகவே தகடு அங்கேதான் முதலில் கரைந்து ஓட்டையாகிறது. துரு, தான் அழித்த இரும்பைப்போல் இரு மடங்குக்கும் மேலான இடம் கேட்பதால், மேற்பூச்சு கொப்புளித்து எழும். அக்கொப்புளத்தைத் தேய்த்து மேலே பூசுவது, மின்கலத்தை மூடிவைத்து வளர்ப்பதேயாகும்.

இவ்வூர்திக்குத் தனிச் சட்டகம் கிடையாது; உடலே சட்டகம். கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிவடிவ விளிம்புகள் அரித்துப்போனால் வலிமையே குன்றும். அவற்றை வெட்டுமுன் உடலை உள்ளிருந்தும் அடியிலிருந்தும் முட்டுக்கொடுத்து, கதவு இடைவெளிகளை அளந்து குறித்துக்கொள்ளவேண்டும். இல்லையேல் புதுத் தகடு பற்றவைத்தபின் கதவு மூடாது.

பிரித்தெடுத்த சிறு உறுப்புகளைச் சலவைச் சோடாக் கரைசலில் இட்டு, மின்னோட்டத்தின் எதிர்முனையோடு இணைத்தால் துரு நெகிழ்ந்து உதிரும். நேர்முனைக்குச் சாதாரண இரும்புத் துண்டே போதும். துருவுறா எஃகு கூடவே கூடாது, நச்சுக் குரோமியம் கரைசலில் கலந்துவிடும். நீர்வளி வெளிவருவதால் திறந்தவெளியில், நெருப்பின்றிச் செய்யவேண்டும். தூய்மையான தகட்டின்மேல் துத்தநாகம் செறிந்த அடிப்பூச்சு இடுவது சாலச் சிறந்தது: துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

1089 கன செ.மீ. கொள்ளளவுள்ள பொறி இறுகி நின்றால், மின்கலத்தின் விசையாலோ இழுத்துத் தள்ளியோ சுழற்ற முனைவது கேடு. உந்துதண்டு வளையங்கள் வார்ப்பிரும்பு உருளைச் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். வலிந்து சுழற்றினால் அவை முறியும். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, நீர்த்த எண்ணெயை ஊற்றிச் சில நாள் காத்திருந்தால், அது நுண்ணிடைவெளிகளில் தானே ஊர்ந்து புகும். பின்பு கையால் முன்னும் பின்னுமாக மயிரிழையளவு அசைக்கவேண்டும். இந்தப் பொறுமைக்கு ஈடான கருவி எதையும் நான் அறியேன்.

பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் தேங்கியபின் அதுவே சக்கர உருளைகளை உள்ளிருந்து அரித்திருக்கும். ஆதலால் பொறி உயிர்பெற்ற மகிழ்ச்சியில் ஊர்தியை உடனே தெருவில் இறக்காமல், அவ்வுருளைகளையும் இரப்பர் வளையங்களையும் மாற்றிப் புதிய எண்ணெய் நிரப்புக.