தாத்தாவும் ரெண்டு தண்ணியும்

போன மாசம் ஓசூர்ல நைட் ஷிஃப்ட்ல இருந்தப்போ வீட்லேர்ந்து போன். வேப்பனப்பள்ளியில தாத்தா விழுந்துட்டார், மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிருச்சு. "தரை வழுக்கியிருக்கும்"னாங்க. ஆனா தரை காய்ஞ்சுதான் இருந்துச்சு.

டாக்டர் கேட்டார்: "நேத்து தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?"

"ஒரு குவார்ட்டர்தாங்க."

டாக்டர் கேட்டது குடிதண்ணி! அதை தாத்தா சாயந்திரத்தோட நிறுத்திடுவார். "ராத்திரி எந்திரிக்கணும்டா, பாத்ரூம் வெளிய இருக்கு."

வயசானா தாகமே சரியா தெரியாது. உடம்பில் நீர் குறைந்தால், படுக்கையிலிருந்து சட்டென எழும்போது ரத்த அழுத்தம் இறங்கி தலை சுற்றும். பிபி மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் இன்னும் மோசம். மது நிதானத்தையும் குலைக்கும், சிறுநீரையும் கூட்டும்.

அடுத்தது சாப்பாடு. நம்ம ஊர்க் களி நல்லதுதான். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. ஆனா புரதம் 7 கிராம்தான். பல் போனதும் தாத்தா கறி, சுண்டலை விட்டுட்டார். ராத்திரி டீயும் பன்னும்தான். புரதம் குறைஞ்சா தொடைத் தசை தளரும், தடுமாறினா கால் தாங்காது.

உலகத்துல வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதில் 60 தாண்டினவங்கதான் அதிகம்.

இப்போ தாத்தாவுக்கு பகல்லயே தண்ணி, களியோட முட்டை, பருப்பு, தயிர். எழுந்தா ஒரு நிமிஷம் கட்டில்லயே உட்காருவார். குவார்ட்டர் பத்தி மட்டும் பேச்சுவார்த்தை நடக்குது. இதய, சிறுநீரகப் பிரச்சினை இருக்கறவங்க தண்ணி அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

இன்னிக்கு வீட்டுக்கு போன் பண்ணா, "சாப்பிட்டீங்களா?"வோட நிறுத்தாதீங்க. "என்ன சாப்பிட்டீங்க? எந்தத் தண்ணி குடிச்சீங்க?"ன்னும் கேளுங்க.