ஜானி மில்லரின் பேரேடு: 25 கோப்பைகளும் 29 ஆண்டுக் குரலும்

அமெரிக்க பிஜிஏ டூரில் 25 வெற்றிகள். அவற்றில் 15, 1974 முதல் 1976 வரையிலான மூன்றே ஆண்டுகளில் வந்தவை. அதன்பின் என்பிசி தொலைக்காட்சியில் 1990 முதல் 2019 வரை 29 ஆண்டு வர்ணனை. ஜானி மில்லரின் கால்ஃப் வாழ்க்கை இந்த எண்களுக்குள் அடங்கும். உச்சத்தில் நின்ற காலம் 3 ஆண்டு. அந்த உச்சத்தைப் பற்றிப் பேச உரிமை பெற்ற காலம் ஏறக்குறைய அதன் பத்து மடங்கு. இந்த உரிமை எந்த வரவிலிருந்து வந்தது, எந்த நட்டத்திலிருந்து வந்தது என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். வரவைவிட நட்டமே அதிகம் கொடுத்தது என்பது என் முடிவு.

தொடக்க முதலீடு

பிறப்பு 1947, சான் பிரான்சிஸ்கோ. 1964-இல், 17 வயதில், அமெரிக்க ஜூனியர் அமெச்சூர் பட்டம். 1966-இல் யுஎஸ் ஓப்பன் அவருடைய ஊரிலேயே, ஒலிம்பிக் கிளப்பில் நடந்தது. வீரர்களின் பை சுமக்கும் கேடியாகப் பெயர் கொடுத்திருந்த 19 வயது மாணவர், தகுதிச்சுற்றில் தேறி ஆட்டக்காரராகவே களமிறங்கினார். 8-ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அமெச்சூர்களில் அவரே முதல்வர். 1969-இல் தொழில்முறை வீரரானார். முதல் வெற்றி 1971-இல், இரண்டாவது 1972-இல்.

ஒரே நாளின் கணக்கு: 1973 ஜூன் 17

பென்சில்வேனியாவின் ஓக்மான்ட் மைதானத்தில் யுஎஸ் ஓப்பனின் கடைசி நாள். முதல் மூன்று சுற்றுகளில் மில்லர் எடுத்தவை 71, 69, 76, மொத்தம் 216. ஆர்னால்ட் பால்மர், ஜூலியஸ் போரோஸ், ஜான் ஷ்லீ, ஜெரி ஹெர்ட் ஆகிய நால்வரும் 210-இல் முன்னணியில் இருந்தார்கள். பந்தை ஒருமுறை அடிப்பது ஒரு ஸ்ட்ரோக்; மில்லர் 6 ஸ்ட்ரோக் பின்தங்கியிருந்தார்.

ஒரு குழியை எத்தனை ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டும் என்ற நியதியே பார். ஒன்று குறைந்தால் பர்டி, ஒன்று கூடினால் போகி. அன்று மைதானத்தின் பார் 71. மில்லர் எடுத்தது 63. அந்த எண்ணைப் பிரித்தால்:

- பர்டி 9: 1, 2, 3, 4, 9, 11, 12, 13, 15 ஆகிய குழிகளில்
- போகி 1: 8-ஆம் குழியில்
- பார் 8: மீதமுள்ள குழிகளில்
- முதல் ஒன்பது குழிகள் 32, அடுத்த ஒன்பது 31
- கிரீன் என்ற, துளையைச் சூழ்ந்த குறும்புல் பரப்பில் பந்தை உருட்டும், பட் எனப்படும் ஸ்ட்ரோக்குகள் 29

29 பட் எப்படி வந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். 9-ஆம் குழி நீங்கலாக, பர்டி அடித்த எட்டு குழிகளில் தலா ஒன்று. 9-ஆம் குழி பார் 5. இரண்டே ஸ்ட்ரோக்கில் கிரீனை அடைந்து, இரண்டு பட்டில் பர்டி. 8-ஆம் குழியில் மூன்று பட், அதனால் போகி. பார் எடுத்த எட்டு குழிகளில் தலா இரண்டு, அதாவது 16. எட்டும் இரண்டும் மூன்றும் பதினாறும் சேர்ந்து 29. மிச்சமுள்ள 34 ஸ்ட்ரோக்கில் 18 கிரீன்களையும் உரிய கணக்குக்குள் தொட்டுவிட்டார். பந்து துளைக்குப் பக்கத்தில் தற்செயலாக வந்து விழுந்து கிடைத்த எண் இல்லை இது. மிகக் கடினமான மைதானம் ஒன்றில் ஒரு கிரீன்கூடத் தவறாமல் அடித்த சுற்று.

மொத்தம் 279, பாருக்கு 5 கீழே. ஷ்லீயை ஒரு ஸ்ட்ரோக்கில் வென்றார். பரிசு 35,000 டாலர். மேஜர் எனப்படும் நான்கு பெரிய போட்டிகள் எதிலும் அதுவரை யாரும் 63 எடுத்ததில்லை. பின்னர் பலர் அந்த எண்ணைத் தொட்டார்கள். தாண்டிப்போக 44 ஆண்டுகள் ஆயின. 2017-இல் ராயல் பர்க்டேலில் பிராண்டன் கிரேஸ் 62 எடுத்தார். யுஎஸ் ஓப்பனில் 62 வர 2023 வரை, அதாவது 50 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

வரவுப் பக்கம்

25 வெற்றிகளின் ஆண்டுவாரிப் பட்டியல்:

- 1971: 1
- 1972: 1
- 1973: 1
- 1974: 8
- 1975: 4
- 1976: 3
- 1980: 1
- 1981: 2
- 1982: 1
- 1983: 1
- 1987: 1
- 1994: 1

1974-இன் முதல் மூன்று போட்டிகளையும் அவரே வென்றார். அந்த ஆண்டின் பரிசுத்தொகை 3,53,021 டாலர். அன்றைய நாளில் அது சாதனை. 1975 ஜனவரியில் அரிசோனாவில் ஆடிய ஆட்டம் இன்னும் அபாரம். ஃபீனிக்ஸில் 260 எடுத்து, பாருக்கு 24 கீழே, 14 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். அடுத்து டூசானில் 263 எடுத்து, பாருக்கு 25 கீழே, 9 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். இரண்டு போட்டிகளிலும் ஒரு சுற்று 61. 1976-இல் ராயல் பர்க்டேலில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம். கடைசிச் சுற்றில் 66 எடுத்து, ஜாக் நிக்லஸையும் 19 வயது செவே பாயஸ்டெரோஸையும் 6 ஸ்ட்ரோக் பின்னுக்குத் தள்ளினார். பரிசு 7,500 பவுண்டு.

நட்டப் பக்கம்

மேஜர்களில் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டம் அவருக்குக் கிட்டவே இல்லை. 1971-இல் 2 ஸ்ட்ரோக்கில் போனது. 1975-இல் கடைசி இரண்டு சுற்றுகளில் 65, 66 எடுத்தும் 1 ஸ்ட்ரோக்கில் போனது. 1981-இல் மறுபடியும் 2. மூன்று முறையும் இரண்டாம் இடம். மூன்றையும் கூட்டினால் குறைந்தது வெறும் 5 ஸ்ட்ரோக். ஒவ்வொரு முறையும் 72 குழிகள், 276 முதல் 282 வரையிலான எண்கள், அதில் ஒன்றிரண்டு.

மேலே உள்ள பட்டியலில் 1977, 1978, 1979 இல்லாததைக் கவனியுங்கள். 1974-இல் பரிசுப்பண வரிசையில் முதலிடத்தில் இருந்தவர் 1977-இல் 48-ஆம் இடத்துக்கும், 1978-இல் 111-ஆம் இடத்துக்கும் இறங்கினார். பண்ணையில் மரம் வெட்டி, உடல் வேலை செய்து தசை கூடியதில் பழைய வீச்சு மாறிப்போனது. அதைவிடக் கொடியது, குறுகிய பட்டின்போது கை தன் வசத்தில் இல்லாமல் துடித்தது. நூறு கெஜத்திலிருந்து கொடிக்கம்பத்தை ஒட்டி பந்தை இறக்கத் தெரிந்த ஒருவர், நான்கடி தூர பட்டுக்கு அஞ்சும் நிலை. 1980 முதல் 1983 வரை ஐந்து வெற்றிகளோடு மீண்டார் என்றாலும், அந்த அச்சம் முழுதாக விலகவில்லை.

குரலின் கணக்கு

என்பிசியில் முதல் ஒளிபரப்பு 1990 ஜனவரி, கலிஃபோர்னியாவின் பாப் ஹோப் போட்டி. கடைசிக் குழியில் பீட்டர் ஜேக்கப்சனின் பந்து இறக்கத்தில் கிடந்தது. கிரீனுக்கு முன்னால் தண்ணீர். பதற்றத்தில் சொதப்ப இதைவிடத் தோதான ஷாட் இல்லை என்ற பொருளில் மில்லர் பேசினார். சக ஆட்டக்காரர் ஒருவரின் பதற்றத்தைப் பற்றி நேரலையில் வாய்திறப்பது அன்று மரபில் இல்லாதது. ஜேக்கப்சன் பந்தைக் கிரீனில் வைத்துப் போட்டியை வென்றார். மில்லர் சொன்னதைக் கேட்டபின் கோபப்பட்டார்.

அந்த நேர்மை 29 ஆண்டு நீடித்தது. 1995 முதல் 2014 வரை யுஎஸ் ஓப்பன் என்பிசி வசம் இருந்தது. அந்த 20 போட்டிகளிலும் தலைமை வர்ணனை அவருடையது. 1991 முதல் 2018 வரை, அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கோப்பை 14 முறை. கடைசி ஒளிபரப்பு 2019 பிப்ரவரியில், 14 ஸ்ட்ரோக்கில் வென்ற அதே ஃபீனிக்ஸ் போட்டியில். அவர் இருக்கைக்கு பால் ஏசிங்கர் வந்தார்.

தவறான கணிப்புகளையும் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். 1999-இல் புரூக்லைனில் நடந்த ரைடர் கோப்பையில், அமெரிக்க அணியின் ஜஸ்டின் லெனார்ட் வீட்டுக்குப் போய்த் தொலைக்காட்சியில் பார்ப்பது நல்லது என்றார். மறுநாள் 17-ஆம் குழியில் லெனார்டின் 45 அடி நீளப் பட் துளைக்குள் விழுந்தது. 10–6 எனப் பின்தங்கியிருந்த அமெரிக்கா 14½–13½ என வென்றது. தீர்ப்புச் சொல்லத் துணிந்தவருக்குத் தப்பும் தீர்ப்புகள் இருக்கத்தான் செய்யும்.

பணத்தின் கணக்கு

1973 யுஎஸ் ஓப்பன்: 35,000 டாலர். 1994-இல், வர்ணனையாளராகி நான்காண்டு கழிந்தபின், 46 வயதில் பெபிள் பீச்சில் ஒரு ஸ்ட்ரோக்கில் வென்றபோது: 2,25,000 டாலர், ஆறு மடங்குக்கும் மேல். 2024 யுஎஸ் ஓப்பனில் பிரைசன் டிஷாம்போ பெற்றது: 43 லட்சம் டாலர், 1973 தொகையின் ஏறத்தாழ 123 மடங்கு. பிஜிஏ டூரில் மில்லர் ஆயுள் முழுதும் ஈட்டிய பரிசு 27 லட்சம் டாலரைச் சற்றே தாண்டும். டிஷாம்போவின் அந்த ஒரு வாரப் பரிசுக்கு அது ஈடாகாது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும், தொலைக்காட்சி இந்த ஆட்டத்துக்குள் கொண்டுவந்த செல்வம் கண்ணெதிரே நிற்கிறது. அந்தத் தொலைக்காட்சியை மக்கள் கவனித்துக் கேட்கும்படி செய்தவர்களில் மில்லரும் ஒருவர்.

நிகர இருப்பு

25 கோப்பைகள் அவருக்கு இருக்கையைப் பெற்றுத் தந்தன. 29 ஆண்டு அதில் உட்காரவைத்தவை வேறு: 5 ஸ்ட்ரோக்கில் கைவிட்டுப்போன மூன்று மாஸ்டர்ஸ், வெற்றியே இல்லாத மூன்று ஆண்டுகள், குறும்பட்டின்போது துடித்த கை. பதற்றம் ஒரு மனிதனின் விரல்களில் என்ன செய்யும் என்பதை அவர் பிறரைப் பார்த்துக் கற்கவில்லை. அதனால்தான் அதைப் பெயர் சொல்லி அழைக்க முடிந்தது, கேட்டவர்களும் நம்பினார்கள். மைக்கைக் கையில் கொடுக்குமுன் ஒரு வீரரின் கோப்பைகளை மட்டும் எண்ணுவது பாதிக் கணக்கு. தோற்ற பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். ரசிகனுக்குப் பயன்படும் அறிவு பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.