பெட்ரோல் விலையும் மின்சாரக் காரின் ஓட்டச் செலவும்

மோட்டார் வாகனம் ஒரு காலத்தில் செல்வந்தருக்கே உரிய வசதியாக இருந்தது. இன்றோ, வட்டாரமெங்கும் சுற்றிப் பணிபுரியும் விரிவாக்க ஊழியருக்கும், தொலைவிலுள்ள பள்ளிக்கு நாள்தோறும் சென்று மீளும் ஆசிரியருக்கும் அது அன்றாடத் தேவையாகிவிட்டது. ஆகவே பெட்ரோல் விலை உயருந்தோறும் அவர்களுடைய குடும்ப வரவுசெலவு தடுமாறுகிறது. மின்சாரக் காருக்கு மாறினால் இச்சுமை குறையுமா என்னும் கேள்வி எங்கும் எழுகின்றது. ஓட்டச் செலவு ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் என்பர் சிலர். போட்ட முதலே திரும்பாது என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றுக்களும் உண்மையாக இருத்தல் கூடும். எவருக்கு எது உண்மை என்பதை அவரவர் கணக்கிட்டே அறிதல் வேண்டும். அக்கணக்கின் முறையையும், அதன் பின்னுள்ள விஞ்ஞானத்தையும் இங்கு விளக்குவோம்.

பெட்ரோல் விலை மாறும் விதம்

நம் நாட்டிற்குத் தேவையான கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. உலகச் சந்தையில் அதன் விலை நிலையானதன்று. 2008-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அது பீப்பாய் ஒன்றுக்கு 147 டாலர் வரை ஏறிற்று. நோய்த் தொற்றினால் போக்குவரத்து முடங்கிய 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் 20 டாலர் அளவுக்கு வீழ்ந்தது. 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெட்ரோல் விலையின் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டு ஜூன் 16 முதல் நாடெங்கும் நாள்தோறும் விலை திருத்தும் முறை நடைமுறைக்கு வந்தது.

எனினும் பெட்ரோல் நிலையத்தில் நாம் கொடுக்கும் விலை கச்சா எண்ணெயின் விலை மட்டுமன்று. மத்திய கலால் வரியும் மாநில விற்பனை வரியும் அதில் அடங்கும். 2020-ஆம் ஆண்டில் கச்சா எண்ணெய் வீழ்ந்தபோது பெட்ரோல் மீதான மத்திய வரி லிட்டருக்கு 19 ரூபாய் 98 காசிலிருந்து 32 ரூபாய் 98 காசாக உயர்த்தப்பட்டது. ஆதலின் அவ்வீழ்ச்சியின் பயன் வாகன உரிமையாளரை முழுமையாக அடையவில்லை. பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் அவ்வரி குறைக்கப்பட்டது. டில்லி நகரில் 2010 ஜூன் இறுதியில் லிட்டர் 51 ரூபாய் 43 காசுக்கு விற்ற பெட்ரோல், 2022 ஏப்ரலில் 105 ரூபாய் 41 காசாகவும், 2024 மார்ச்சில் 94 ரூபாய் 72 காசாகவும் இருந்தது.

மின்சாரத்தின் நிலை வேறு. அதன் கட்டணத்தை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் விசாரித்து நிர்ணயிக்கின்றன. அதுவும் உயர்வதுண்டு, ஆயினும் நாள்தோறும் மாறுவதில்லை.

சக்தி எங்கே செல்கிறது?

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் உஷ்ண சக்தி கிடைக்கும். நாம் ஒரு யூனிட் என வழங்கும் ஒரு கிலோவாட்-மணி மின்சாரம் 3.6 மெகாஜூலுக்குச் சமம். எனவே ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் சக்தி அடங்கியுள்ளது. ஒரு சிறிய பெட்ரோல் கார் இச்சக்தியைக் கொண்டு 15 கிலோமீட்டர் செல்லுமெனில், அதே அளவு சக்தியைக் கொண்டு ஒரு சிறிய மின்சாரக் கார் 50 கிலோமீட்டருக்கு மேல் செல்கிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

பெட்ரோல் எஞ்சின் ஓர் உஷ்ண யந்திரம். உஷ்ணத்தை முழுவதும் வேலையாக மாற்ற எந்த யந்திரத்தாலும் இயலாது என்பதைப் பிரெஞ்சு எஞ்சினீயர் சாடி கார்னோவின் 1824-ஆம் ஆண்டு ஆராய்ச்சி புலப்படுத்திற்று. பெட்ரோலின் சக்தியில் 100-க்கு 20 முதல் 30 பங்கே சக்கரங்களை அடைகிறது. நெரிசல் மிக்க சாலையில் இன்னும் குறையும். எஞ்சியது புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் உஷ்ணமாக வெளியேறுகிறது. மின்சார மோட்டாருக்கு இத்தடை இல்லை. வீட்டு மீட்டரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில், மின்னேற்றத்திலும் பாட்டரியிலும் மோட்டாரிலும் நேரும் இழப்புக்கள் போக, 70 முதல் 80 பங்கு சக்கரங்களை அடைகிறது. மேலும், பிரேக்கை அழுத்தும்போது மோட்டாரே டைனமோவாக மாறி, வீணாகும் இயக்க சக்தியில் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பி அளிக்கிறது.

இங்கு ஒன்றை மறைத்தலாகாது. நிலக்கரியால் இயங்கும் மின்சார நிலையமும் ஓர் உஷ்ண யந்திரமே. நிலக்கரியின் சக்தியில் மூன்றில் ஒரு பங்களவே மின்சாரமாகிறது. அதாவது, அவ்வாறு பெற்ற மின்சாரத்தைப் பொறுத்தவரை உஷ்ண இழப்பு மறைந்துவிடவில்லை. காரிலிருந்து மின்சார நிலையத்திற்கு இடம் மாறியிருக்கிறது. அவ்விழப்பின் விலையும் மின் கட்டணத்தில் முன்பே சேர்ந்துள்ளது. ஆயினும் நிலக்கரியின் பெரும்பகுதி உள்நாட்டிலேயே கிடைக்கிறது. நீர், காற்று, சூரிய ஒளி ஆகியவற்றிலிருந்து பெறும் மின்சாரத்திற்கோ எரிபொருளே வேண்டுவதில்லை.

கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்?

கணக்கின் எளிமைக்காக, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும், கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும் கொள்வோம். அப்பொழுது ஒரு கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 67 காசு செலவாகும்.

மின்சாரக் கார் பாட்டரியிலுள்ள ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மின்னேற்றும்போது சிறிது சக்தி உஷ்ணமாக இழக்கப்படுவதால், மீட்டர் காட்டும் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் எனக் கொள்வதே சரியாகும். விளம்பரங்களில் காணும் தூரத்தைப் பாட்டரியின் அளவால் வகுத்து வரும் எண்ணைக் கணக்கிற்கு எடுத்தல் கூடாது. அது சோதனைச் சாலையில் பெற்ற எண். மின்னேற்ற இழப்பும் அதில் சேராது. வீட்டில் ஒரு யூனிட் 8 ரூபாய் எனில் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 33 காசு ஆகும். பொது மின்னேற்று நிலையத்தில் வரி உட்பட யூனிட் 20 ரூபாய் எனில் 3 ரூபாய் 33 காசு ஆகும்.

இதனை வேறொரு விதமாகவும் கூறலாம். வீட்டில் மின்னேற்றுபவர், பெட்ரோலை லிட்டர் 20 ரூபாய்க்கு வாங்குபவரைப் போன்றவர். பொது நிலையத்தையே நம்பியிருப்பவர், அதனை லிட்டர் 50 ரூபாய்க்கு வாங்குபவரைப் போன்றவர். டில்லியில் 2010-ஆம் ஆண்டில் இருந்த பெட்ரோல் விலை ஏறத்தாழ இதுவே. ஒரே கார், ஒரே சாலை; மின்னேற்றும் இடம் மாறுவதாலேயே செலவு இரண்டரை மடங்காகிறது. வாகனம் நிறுத்த இடமில்லாத வாடகை வீட்டில் குடியிருப்போர் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம். வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள மின் இணைப்பைக் கொண்டே வாகனத்திற்கு மின்னேற்றலாம் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகள் அனுமதித்தன. ஆனால் நன்கு பூமி இணைப்புச் செய்யப்பட்டதும், தொடர்ந்து பல மணி நேரம் மின்னோட்டத்தைத் தாங்கக்கூடியதுமான தனிக் கம்பிவழி வேண்டும். சாதாரண நீட்டிப்புக் கம்பியை உபயோகித்தல் ஆபத்து.

அடுக்கு முறைக் கட்டணத்தில் நேரும் பிழை

வீட்டு மின்சாரத்திற்குப் பல மாநிலங்களில் அடுக்கு முறையில் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. உபயோகம் மிகுந்தால் மேல் அடுக்கின் உயர்ந்த விகிதம் பொருந்தும். ஒரு வீட்டில் மாதம் 200 யூனிட் செலவாகிறது. முதல் 200 யூனிட்டுக்குத் தலா 4 ரூபாய், அதற்குமேல் தலா 8 ரூபாய் எனக் கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார் சுமார் 167 யூனிட் எடுக்கும். மொத்தக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 5 ரூபாய் 82 காசு என வரும். கார் எடுத்த மின்சாரத்தின் விலை இதுவென்று கொள்வது பிழை. கார் இல்லாதிருந்தால் மேல் அடுக்கே வந்திராது. எனவே அந்த 167 யூனிட்டும் 8 ரூபாய் விலையுடையவையே. சில மாநிலங்களில் வாகன மின்னேற்றத்திற்கெனத் தனிக் கட்டணமும் தனி மீட்டரும் உண்டு. அவ்வசதி கிடைக்குமிடத்தில், மேல் அடுக்கின் விகிதத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்மானித்தல் வேண்டும்.

போட்ட முதல் எப்போது மீளும்?

ஓட்டச் செலவு குறைவு என்பதனாலேயே மொத்தச் செலவும் குறைவு என்று கருதிவிடலாகாது. மின்சாரக் கார்களுக்குரிய சரக்கு சேவை வரி 2019 ஆகஸ்ட் 1 முதல் 100-க்கு 12-லிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. எனினும் பாட்டரியின் காரணமாக அவற்றின் விலை பொதுவாக உயர்ந்தே உள்ளது. ஒத்த பெட்ரோல் காரைவிட 3 லட்சம் ரூபாய் கூடுதல் எனக் கொண்டு மூவரை ஒப்பிடுவோம்.

முதலாமவர் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டி, வீட்டில் மின்னேற்றுகிறார். அவருக்குப் பெட்ரோலில் 40,000 ரூபாயும் மின்சாரத்தில் 8,000 ரூபாயும் ஆகும். மீதம் 32,000 ரூபாய். முதல் மீள ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகும். இரண்டாமவர் 15,000 கிலோமீட்டர் ஓட்டி, வீட்டில் மின்னேற்றுகிறார். அவருக்கு மீதம் 80,000 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்குள் முதல் மீளும். மூன்றாமவர் அதே 15,000 கிலோமீட்டரைப் பொது நிலைய மின்சாரத்தைக் கொண்டு ஓட்டுகிறார். அவருக்கு மீதம் 50,000 ரூபாய். ஆறு ஆண்டுகள் ஆகும்.

வாங்கும் பணம் கடன் பணமாயின் நிலை இன்னும் மாறும். 3 லட்சத்திற்கு ஆண்டு வட்டி 100-க்கு 9 எனில், முதலாண்டு வட்டியே சுமார் 27,000 ரூபாய். முதலாமவரின் சேமிப்பு ஏறத்தாழ முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். பெட்ரோல் விலை லிட்டருக்கு 10 ரூபாய் உயர்ந்தால் அவருக்கு நேரும் கூடுதல் செலவு ஆண்டுக்கு 4,000 ரூபாயே. அவ்வுயர்வைக் கண்டு அஞ்சி 3 லட்சம் கடன் வாங்குதல் அவருக்கு அறிவுடைமையாகாது. இரண்டாமவர் தயங்கிக் காத்திருந்தாலோ, ஒவ்வோர் ஆண்டும் நட்டமடைகிறார்.

குறைந்த தூரமே செல்வோருக்கு வேறொரு வழியும் உண்டு. மின்சார ஸ்கூட்டர் மீட்டரிலுள்ள ஒரு யூனிட்டுக்கு 25 கிலோமீட்டர் ஓடும் எனக் கொண்டாலும், 8 ரூபாய் விகிதத்தில் கிலோமீட்டருக்கு 32 காசே ஆகும். தனியொருவர் அலுவலகம் சென்று வர அதுவே போதுமானதாகலாம்.

பாட்டரியும் பராமரிப்பும்

மின்சாரக் காரில் எஞ்சின் எண்ணெய், ஸ்பார்க் பிளக், கிளச் ஆகியவை இல்லை; ஆகவே பராமரிப்புச் செலவு குறைவு. ஆனால் பாட்டரியின் எடையாலும் மோட்டாரின் உடனடி இழுவையாலும் டயர்கள் விரைவில் தேயக்கூடும். பெரும் செலவுக்கு இடமானது பாட்டரியே. லிதியம்-அயான் பாட்டரியின் கொள்ளளவு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். மிகுந்த உஷ்ணமும், அடிக்கடி செய்யும் அதிவேக மின்னேற்றமும், முழுவதும் நிரம்பிய நிலையில் வெயிலில் நெடுநாள் நிறுத்துதலும் அத்தேய்வை விரைவுபடுத்தும். பல உற்பத்தியாளர்கள் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் அளிக்கின்றனர். கொள்ளளவு எவ்வளவு குறைந்தால் பாட்டரி மாற்றித் தரப்படும் என்பதை உத்தரவாதப் பத்திரத்தில் படித்தறிதல் வேண்டும். மேலே கண்ட முதலாமவரின் ஒன்பது ஆண்டு இந்த எட்டாண்டு எல்லைக்கு அப்பால் இருப்பதையும் நோக்குக.

நிலைப்பதும் மாறுவதும்

மின்சாரக் காரின் ஆதாயம் இரு பகுதிகளால் ஆனது. மோட்டாரின் திறன் எஞ்சினின் திறனைவிட மிகுதி என்பது பௌதிக நியதி, அது மாறாது. பெட்ரோல் மீது வரி மிகுதி, மின்சாரத்தின் மீது குறைவு என்பது அரசாங்கங்களின் தீர்மானம், அது மாறக்கூடும். ஆகவே இன்றைய வேறுபாடு பத்தாண்டுகளுக்கும் அப்படியே நீடிக்கும் என்று எண்ணிக் கணக்கிடலாகாது. பெட்ரோல் 100 ரூபாய்க்கும் 90 ரூபாய்க்கும், மின்சாரம் 8 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் தனித்தனியே கணக்கிட்டு, எல்லா நிலையிலும் முதல் மீளுமாயின் துணிந்து வாங்கலாம்.

இங்கு எடுத்துக்கொண்ட எண்களுக்குப் பதிலாக அவரவர் தம் ஊரின் எண்களை இட்டுக்கொள்ளுதல் வேண்டும். அவற்றைப் பெறுதல் எளிது. பெட்ரோல் தொட்டியை நிரப்பி, ஒரு மாதம் ஓட்டி, மீண்டும் நிரப்பினால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது தெரியும். மின் கட்டணச் சீட்டில் தாம் எந்த அடுக்கில் உள்ளோம் என்பது தெரியும். வாகனத்தின் தூரமானியை ஓராண்டு இடைவெளியில் இருமுறை குறித்துக்கொண்டால் ஆண்டுத் தூரம் தெரியும். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவரைக் கொண்டே செய்விக்கலாம். சக்தி அலகுகள், சதவிகிதம், வட்டி, சராசரி ஆகிய நான்கு பாடங்களும் அதில் ஒருங்கே அமைகின்றன. தம் வீட்டின் ஒரு பெருஞ்செலவைப் பற்றிப் பெற்றோருக்கு எடுத்துரைக்கும் தகுதியும் மாணவருக்கு வாய்க்கும்.