சிவப்பு மைக்கு அடியில் ஒரு தமிழ் வாக்கியம்

சில ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பில் விடுமுறை நாளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். பாட்டி வீடு, ஆட்டுக்குட்டி, கிணற்றில் விழுந்த வாளி எல்லாம் அதில் இருந்தன. பிழைகளும் நிறைய இருந்தன. ஒன்றுவிடாமல் சுழித்துத் திருத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவள் எழுதியது நான்கே வாக்கியங்கள். 'திஸ் இஸ் மை ஸ்கூல். இட் இஸ் பிக்' என்ற வகை. ஒரு பிழைகூட இல்லை.

பிழை வராத அளவுக்கு மட்டும் எழுத அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். கற்றுக்கொடுத்தது நான்தான்.

பழைய ஏட்டை மறுபடி வாங்கிப் பார்த்தேன். பக்கமெங்கும் சுழிகள் இருந்தாலும் அவை ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிட்டன. அதிகம் வந்தது 'ஐ டிடன்ட் வென்ட்'. இதை ஆண்டுதோறும் திருத்துகிறோம், ஆண்டுதோறும் வருகிறது. இம்முறை விதியைச் சொல்லாமல் கரும்பலகையில் தமிழில் எழுதினேன்: போனேன் – போகவில்லை, பார்த்தான் – பார்க்கவில்லை, சாப்பிட்டோம் – சாப்பிடவில்லை. 'இல்லை' வந்ததும் வினைச்சொல்லுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒருவன், "வால் போயிடுச்சு டீச்சர்" என்றான். சரியான விடை. 'போனேனில்லை' என்று நாம் யாரும் பேசுவதில்லை. 'போனேன்' என்பதில் இருந்த காலமும் இடமும் உதிர்ந்து 'போக' மட்டும் நிற்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே: 'டிட்' இறந்தகாலத்தைச் சுமந்துகொள்வதால் 'வென்ட்' தன் சுமையை இறக்கிவிட்டு 'கோ' ஆகிறது. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணம்தான் இது.

'ஷி டோன்ட் லைக் மில்க்' வேறு கதை. 'அவள் போகிறேன்' என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. எழுவாய்க்கேற்ப வினை மாறும் என்பது தமிழ்க் குழந்தைக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எதிர்மறையில் நான் வரவில்லை, அவள் வரவில்லை, அவர்கள் வரவில்லை என எல்லோருக்கும் ஒரே வடிவம். அந்தப் பழக்கத்தில்தான் எல்லோருக்கும் 'டோன்ட்' போடுகிறார்கள். இங்கே தமிழ் கைகொடுக்காது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்வது இவ்வளவுதான்: 'ஷி லைக்ஸ்' என்பதில் உள்ள 'எஸ்' ஒரு வாக்கியத்தில் ஒருமுறைதான் வரும், 'டஸ்' வந்ததும் அது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே 'ஷி டஸன்ட் லைக்', 'டஸ் ஷி லைக்?'. மேலே 'டிட்' சுமந்ததும் இதே மாதிரிதான் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், பாதி வகுப்பு தானே கண்டுபிடித்துவிடும்.

'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' போடுவதற்கு, 'மழை பெய்தாலும் ஆனால் போனோம்' என்று உரக்கப் படித்துக் காட்டினாலே போதும், சிரித்துவிடுவார்கள். 'டிஸ்கஸ் அபவுட்' என்பதை மட்டும் நான் மாணவர்கள்மேல் போட மாட்டேன். 'பற்றி விவாதிப்போம்' என்பதை அப்படியே பெயர்த்து, பல ஆண்டுகள் நானே வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

'ஏ', 'அன்' இரண்டுக்கும் நம்மிடம் ஒரு, ஓர் இருக்கின்றன. ஓர் ஊர், ஒரு யானை. 'யூனிஃபார்ம்' என்ற சொல் ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி 'ய' என்பதால், ஒரு யானை போல 'ஏ யூனிஃபார்ம்'. 'ஆனஸ்ட்' என்பதை 'ஹெச்' போட்டு எழுதினாலும் வாயில் வருவது 'ஆ'. எனவே 'அன் ஆனஸ்ட் மேன்'. எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள் என்றால் புரிந்துகொள்கிறார்கள். 'த' அப்படியல்ல. தமிழில் அதற்கு நேர் இணை இல்லை. நிறையப் படித்துக் கேட்டுத்தான் அது படியும். எட்டாம் வகுப்புவரை அதற்காக நான் மதிப்பெண் குறைப்பதில்லை.

இப்போது வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். திருத்தி எழுதுவதில்லை, பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். எங்கே பிழை என்று கண்டுபிடிப்பது மாணவர் வேலை. முதலில் இருவர் இருவராகத் தேடச் சொல்லலாம். தொடக்க வகுப்புகளில் புள்ளிகூட வேண்டாம். குழந்தை சொன்னதை நாம் சரியான வடிவில் திருப்பிச் சொன்னால் போதும். பார்வைக்கு வரும் அலுவலர் திருத்தாத பிழையைக் கண்டு கேட்பாரே என்ற அச்சம் எனக்கும் இருந்தது. அதனால் பக்கத்தின் தலையில் 'இந்த வாரம் எதிர்மறை வாக்கியம் மட்டும்' என்று எழுதித் தேதியிடுகிறேன். பெற்றோருக்கும் அது விளங்குகிறது.

அந்த மாணவி மறுபடி நீளமாக எழுத ஏறத்தாழ ஒரு பருவம் ஆயிற்று. ஒருநாள் கிணற்று வாளி திரும்பி வந்தது: 'ஐ டிடன்ட் ஃபைண்ட் பக்கெட்.' 'த' இல்லை. நான் பேனாவை மூடிவிட்டு, வாளி கடைசியில் கிடைத்ததா என்று கேட்டேன்.

"தாத்தா பாதாளக் கரண்டி போட்டு எடுத்தாரு டீச்சர். அதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரியாமத்தான் எழுதலை" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. இருவரும் அகராதியை எடுத்தோம்.